பானை ஓட்டில் உமித் தடம்

தேயிலைத் தோட்டத்துக் கடையில் தேநீர் ஊற்றித் தரும் பெண்ணைப் பார்த்து, நீ என்ன படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உடைந்த பானை படித்தேன் என்று. கேட்காததும் நல்லதுதான். சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபத்தில் கோப்பையை வேகமாக வைப்பேன், தட்டில் சிந்தும். அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு கோப்பை தேநீர் குடிக்கிறார்கள். "ஒங்களுக்கு என்னாங்க, சொர்க்கத்துல இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார்கள். இறங்கிப் போகிறவர்களுக்கு இது சொர்க்கம்தான். பள்ளி விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங் சாலையில் கார்கள் நகராமல் நிற்கும்போது, அவர்கள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து அலுத்துக்கொள்வதைக் காண எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. கொஞ்ச நேரம் நீங்களும் மாட்டிக்கொண்டு பாருங்கள் என்று நினைத்துக்கொள்வேன். நல்ல குணம் இல்லைதான். என்ன செய்வது, இருக்கிற குணம் அதுதான்.

இங்கே வருவதற்கு முன் கீழே, ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தேன். வரலாற்றுக்கு முந்தைய பானை ஓடுகளை அறுத்துப் பார்க்கும் வேலை. ஓட்டிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லியதாக வர வேண்டும். அவசரப்பட்டுக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் ஓடு போய்விடும், கண்ணாடிதான் மிஞ்சும். பிறகு அதை நுண்ணோக்கியில் வைத்து மேடையை மெல்லச் சுழற்றினால், மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள் சாம்பலும் வெள்ளையுமாக மாறி மாறி அணைந்து எரியும். மைக்காத் துகள்கள் சேலைக் கரை மாதிரி மின்னும். முதல் முறை பார்த்தபோது நான் சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன்.

அழகுக்காகப் பார்ப்பதல்ல அது. ஆற்றங்கரை மண்ணில் மணல் உருண்டையாக இருக்கும், தண்ணீர் உருட்டி முனை மழுங்கியிருக்கும். கருங்கல் மலை உதிர்ந்த மண்ணில் மணிகள் கூராக இருக்கும். சுண்ணாம்புக் குன்றுக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் சுண்ணாம்புத் துகள் தெரியும். பானை வெடிக்காமல் இருக்க மண்ணோடு நெல் உமி கலந்து பிசைந்திருந்தால், சுடும்போது உமி எரிந்துபோகும், அதன் வடிவத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் நிற்கும். இதோடு எக்ஸ்ரே கருவியை வைத்து மண்ணில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்றும் பார்ப்போம். இப்படித்தான் ஒரு பானை கிடைத்த இடம் வேறு, பிறந்த இடம் வேறு என்று தெரியவரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளூர்ச் சரக்கு. வேறாக இருந்தால் யாரோ சுமந்திருக்கிறார்கள். சுமந்தவர் யார், எதற்காகச் சுமந்தார், பதிலுக்கு என்ன கொண்டுபோனார் என்று கேட்கத் தொடங்கினால், பேரே தெரியாத மனிதர்கள் போய் வந்த பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

அம்மா கொழுந்து வெட்டப் போன சரிவில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார், எனக்கு உடன்பிறந்தவர்களும் இல்லை. நான்தான் ஓடி வந்தேன். எலும்பு கூடியது, ஆனால் சரிவில் ஏறி இறங்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடக்கிறார், சமைக்கிறார், என்னைத் திட்டுகிறார். அதற்கெல்லாம் குறைவில்லை.

சிக்கல் வீடுதான். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டியதில் நாங்கள் இருக்கும் லயன் வீடு எங்களுடையதல்ல, எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் வீடு. பதிவிலிருந்து அம்மாவின் பேரை எடுத்ததும் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், மிகவும் தயங்கித்தான் வந்து சொன்னார். நல்ல மனிதர். சட்டம் அவர் போட்டதல்ல.

அம்மாவைக் கீழே அழைத்துக்கொண்டு போகப் பார்த்தேன். நான் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பார்த்தேன். வெப்பத்தில் கால் வீங்கிப்போயிற்று. லிப்ட் பழுதான நாளில் வாக்கரோடு படிக்கட்டைப் பார்த்து நின்றுகொண்டு, "என்னைய இங்க கொண்டாந்து மேல காயப் போட்டுட்ட" என்றார். திரும்பி வந்ததும் வீக்கம் வடிந்தது. பிறந்ததிலிருந்து குளிரில் கிடந்த உடம்பு, அது எங்கே கேட்கும். ஆகவே வேறு வழியில்லாமல் நானே என் பேரைக் கொடுத்தேன். எனக்குக் கொழுந்து வெட்ட வராது, ஆங்கிலம் வரும், ஆதலால் தேநீர்க் கடையில் போட்டார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தேன். மலையில் கொஞ்ச நாள் என்பதை ரப்பர் மாதிரி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்.

இழுத்தாயிற்று. மழைக்காலத்தில் துணி காயாது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்காரும். அம்மாவின் தொலைக்காட்சித் தொடரில் யாராவது ஒருத்தி அழுதுகொண்டே இருப்பாள். எனக்கு அழுகை வராது, மூச்சு முட்டும். சில நாட்களில் கடையின் பின்பக்கம் போய், கோப்பை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, இதுதானா, இவ்வளவுதானா என்று நின்றிருக்கிறேன். அம்மா மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்ததால்தான் கதவும் அடைத்திருந்தது.

என் பேராசிரியை ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என்னோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய நுண்ணோக்கியையும் ஒரு பெட்டிச் சில்லுகளையும் அவர்தான் கொடுத்தனுப்பினார். "கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது" என்றார். சமையல்கட்டு மேசையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் நுண்ணோக்கி உட்கார்ந்தது. அம்மா அதற்கு ஒரு பழைய துண்டைப் போர்த்திவைத்தார். சாமி படத்துக்குக்கூட அப்படிப் போர்த்தியதில்லை.

அந்தப் பெட்டியில் இரண்டு இடத்து ஓடுகள் இருந்தன. ஒன்று, மலைக்குக் கீழே ஒரு சுண்ணாம்புக் குகையில் தோண்டியது. இன்னொன்று, மேலே, எங்கள் எஸ்டேட்டுக்கு மேற்புறக் காட்டில் ஒரு பாறை ஒதுக்கில் கிடைத்தது. சில ஆயிரம் ஆண்டுப் பழமை. வெளியே பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை. அதே கயிறு சுற்றிய மட்டையால் தட்டிய தடம், அதே வெளியே மடிந்த வாய். கேள்வி இதுதான்: மேலே கிடைத்த பானைகள் கீழேயிருந்து சுமந்து வந்தவையா, மேலேயே செய்தவையா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அத்தனை செங்குத்தான காட்டில், தொட்டால் உடைகிற பானையை யார் மெனக்கெட்டுத் தூக்கி வந்திருப்பார்கள்?

இதைச் சொல்ல, மேலே உள்ள களிமண்ணை எடுத்துச் சுட்டு, அறுத்து, ஓடுகளோடு ஒப்பிட வேண்டும். "நீ அங்கேயே மாட்டிக்கொண்டது ஒரு வகையில் நமக்கு வசதி" என்று பேராசிரியை சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். இந்த ஆராய்ச்சி சரியாக முடிந்தால் ஆய்வகத்தில் எனக்கு மறுபடி இடம் கிடைக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தேன்.

அம்மா விழுந்த பிறகு எஸ்டேட் சரிவில் இறங்க எனக்குப் பயம், ஆதலால் வார ஓய்வு நாளில் பஸ் ஏறிக் கோலா தெர்லா போனேன். அம்மாவுக்குத் தூரத்து உறவான மாமா ஒருவர் அங்கே ஓடையோரம் காய்கறி பயிரிடுகிறார். ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் களிமண் வேண்டும் என்றதும் மனிதருக்கு ஒரே பெருமை. நான் ஓடைக் கரையைக் கிண்டப் போனால், "அங்க வேணாம், சேறு" என்று தடுத்து, கொஞ்சம் மேடான கரைக்குக் கூட்டிப்போய், அவரே மண்வெட்டியால் வெட்டிப் பையில் போட்டார். மழை வேறு தொடங்கிவிட்டது. மைலோ குடித்து, முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். ஒரு தொல்லியல்காரி மண் எடுக்கும் லட்சணம் இதுவல்ல. ஆனால் எனக்கிருந்தது ஒரு நாள் ஓய்வு.

மண்ணை ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். அவர்கள் சுட்டு, அறுத்து, படம் எடுத்து அனுப்பினார்கள். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைமண்ணில் கருங்கல் மணியே இல்லை, தட்டையான கற்சில்லுகள்தான் இருந்தன. பாறை ஒதுக்கு ஓடுகளிலோ கருங்கல் மணி கொட்டிக் கிடந்தது. அப்படியானால் அந்தப் பானைகள் மலையில் செய்தவையல்ல. சுண்ணாம்புத் துகள் இல்லாததால் கீழே குகைப் பக்க மண்ணும் அல்ல. மூன்றாவதாக ஓர் ஊர் இருந்திருக்க வேண்டும், அங்கிருந்து எல்லா இடத்துக்கும் பானை போயிருக்க வேண்டும்! நான் அந்த மூன்றாவது ஊரைக் கண்டுபிடித்தவளாகவே ஆகிவிட்டேன். பக்கம் பக்கமாக எழுதினேன். குயவர் குடி, வணிகப் பாதை, மலையேறும் சுமைகாரர்கள், ஒன்றையும் விடவில்லை.

பேராசிரியை படித்துவிட்டு அழைத்தார். "அழகாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு சந்தேகம். நீ உட்கார்ந்திருக்கும் மலையே கருங்கல் மலை. அந்த மண்ணில் கருங்கல் இல்லையென்றால் எப்படி? இன்னொன்று, பாஸ்பரஸ் இவ்வளவு ஏறி நான் பார்த்ததே இல்லை. இந்தக் களிமண்ணில் கோழி வளர்த்தார்களா?"

கிண்டல் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்று வந்தது. மீதி மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி அடுப்புக்குக் கீழே வைத்திருந்தேன். அவிழ்த்தேன். நாற்றம் குப்பென்று ஏறியது. உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா, "என்னா புள்ள அது, கோழிக் கொட்டாய் வாடை!" என்று கத்தினார். கண்ணில் பார்க்காததை மூக்கில் பார்த்தேன். மூக்கைப் பற்றி எங்களுக்குப் பாடத்தில் இல்லை.

அடுத்த ஓய்வு நாளில் மறுபடி கோலா தெர்லா போனேன். அந்தக் கரையோரம் ஒரு லோரி நின்று மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே மாமா சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்னா ம்மா, மண்ணு பத்தலியா? இன்னும் அள்ளிக்க லா."

"மாமா, அன்னைக்குக் குடுத்தது இங்க உள்ள மண்ணுதானே?"

"இங்க உள்ளதா? ஐயையோ, இங்க உள்ளது வெறும் மஞ்ச மண்ணு, ஒண்ணும் வெளங்காது. நீ படிச்ச புள்ள, ஆராய்ச்சிக்குன்னு வந்து கேக்குற. அதப் போயி குடுத்தா கேவலமா இருக்காதா? அதான் லோரி மண்ணா பாத்துக் குடுத்தேன். கீழ மலை வெட்டுற எடத்துலேருந்து வந்தது. கோழி உரம் போட்டு நல்லா ஆற வச்சது லா!"

வீட்டுக்கு வந்தவளுக்கு இருப்பதில் நல்லதைக் கொடுத்திருக்கிறார். அவரை என்ன சொல்ல. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் மூன்றாவது ஊர், குயவர் குடி, சுமைகாரர்கள் எல்லோரும் அந்த லோரியில் ஏறிப் போய்விட்டார்கள். மாமா கொடுத்த முள்ளங்கிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

பஸ் திரிங்காப்பைத் தாண்டி வந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க எனக்குப் பகீரென்றது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டு, எங்கெங்கிருந்தோ மண் கொட்டியிருந்தார்கள். பள்ளத்தை மேடாக்கியிருக்கிறார்கள், மேட்டைப் பள்ளமாக்கியிருக்கிறார்கள். ஓடைகளில் ஓடுவதும் அந்த மண்தான். இத்தனை வருடம் இந்தச் சாலையில் போய்வந்தும் எனக்கு உறைக்கவில்லை. பிறந்த இடத்தில் கிடக்கும் மண் இந்த மலையில் எங்கே இருக்கிறது? யோசித்துக்கொண்டே வந்தபோது எங்கள் எஸ்டேட் வளைவு வந்தது. தேயிலை. யார் யாரோ நட்டு, யார் யாரோ செத்து, செடி மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. அதன் அடியில் யாரும் லோரி மண்ணைக் கொட்டியதில்லை.

எங்கள் லயனுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு இறங்கி ஓர் ஓடையில் முடியும். பாறை ஒதுக்குக்குக் கீழே புறப்படும் அதே ஓடை. இந்த முறை யாரையும் கேட்கவில்லை. கரையை வெட்டி, மேல்மண்ணை ஒதுக்கி, வேர் முடிகிற ஆழத்துக்கும் கீழே போனேன். வெளுத்த மஞ்சள் களிமண் வந்தது. விரலில் தேய்த்தால் சீனி மாதிரி நறநறத்தது. திரும்பி ஏறும்போது மழையில் சேறாகி, இரண்டு முறை சறுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அம்மா விழுந்தது இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

அதையும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன், முடிவு வந்தது. பொருந்தியது. அதே கருங்கல் மணி, அதே மைக்கா, தனிமங்களின் அளவுகளும் ஒத்துப்போயின. மேலே கிடைத்த பானைகள் மேலேயே செய்தவை.

ஆனால் செய்த கை மலையுடையதல்ல. வாயை வெளியே மடித்து, உள்பக்கம் ஒரு மண் பட்டையை வைத்து அழுத்தி ஒட்டுவது கீழ்க்குகைக் குயவர்களின் வழக்கம். வெட்டிப் பார்த்தால்தான் அந்த ஒட்டு தெரியும். ஒரு பானையின் உருவத்தைக் கண்ணால் பார்த்துக் காப்பியடிக்கலாம். உள்ளே மறைந்திருக்கும் ஒட்டைக் காப்பியடிக்க முடியாது, செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். மேலே கிடைத்த ஓடுகளிலும் அதே ஒட்டு இருந்தது. ஆக, சுமந்து வந்தது பானையை அல்ல. பானை செய்யத் தெரிந்தவள் ஒருத்தி கீழேயிருந்து வந்திருக்கிறாள். வந்து, இங்கே உள்ள மண்ணைப் பிசைந்திருக்கிறாள். இதைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் தொடரில் அழுதவளுக்கும் எனக்கும் அன்று வித்தியாசமில்லை.

அறிக்கையில் எழுதினேன்: கைத்தொழில் தெரிந்த பெண் மலைக்குக் கொண்டுவரப்பட்டாள், அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை, கீழ் மண்ணில் செய்த பானை ஒன்றுகூட மேலே இல்லை என்பதே சான்று.

பேராசிரியை அழைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா மேசையருகே உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் நின்று பேசினேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"மண் சரி, ஒட்டு சரி, எல்லாம் சரி. ஆனால் பெண் என்று உனக்கு யார் சொன்னது?"

நான் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தேன்.

"இருக்கட்டும். கருங்கல் மணிகளுக்கு நடுவே அங்கங்கே நீளமாய் ஓட்டைகள் இருக்கின்றனவே, அவை என்ன?"

"தாவரம்" என்றேன். "கொஞ்சம்தான்."

"உமி. நெல் உமி. உனக்குத் தெரியாததா? தோண்டியதில் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குவரை எல்லா ஓட்டிலும் இருக்கிறது. அந்த உயரத்தில் நெல் விளைந்ததற்கு நம்மிடம் ஒரு சான்றும் இல்லை. கொண்டுவந்த உமி முதல் சில பானைகளோடு தீர்ந்திருக்க வேண்டாமா? தீரவில்லை. ஒன்று, மேலே இருந்தவர்கள் கீழே போய் வந்தார்கள். அல்லது கீழே இருந்தவர்கள் நெல்லைக் கொண்டுவந்து கொடுத்து, தேனோ பிசினோ எதையோ வாங்கிக்கொண்டு போனார்கள். எப்படியானாலும் பாதை மூடவே இல்லை. திரும்பவில்லை என்று எழுதியது பானையா, நீயா?"

உமியை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் ஒரு மூலையில் ஒற்றைச் சொல்லில் தள்ளியிருந்தேன். எவளோ ஒருத்தி என்னைப்போல இங்கே மாட்டிக்கொண்டு கிடந்தாள் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் போய் வந்தாள் என்றால் எனக்கு அவள் எதற்கு?

திருத்தி எழுதுகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். ஆய்வகத்தில் இடம் வந்துவிட்டது. அடுத்த பருவம் தொடங்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ காலைகளில் இந்தச் சேதியை நினைத்து எழுந்திருக்கிறேன். வந்தபோது இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றேன். நான் போனால் என் பேர் போகும், பேர் போனால் வீடு போகும், வீடு போனால் அம்மாவை எங்கே வைப்பேன்?

வெளியே பார்த்துக்கொண்டு, மலாயில், மெதுவாகத்தான் சொன்னேன்: "அம்மா இருக்கும்வரை என்னால் வர முடியாது."

அம்மாவுக்கு மலாய் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினார். அன்றைக்கு முள்ளங்கிக் குழம்பில் உப்பு இல்லை. இருவரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் விடிந்ததும் நான் கடைக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. குளியலறையில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. வாக்கரையும் காணவில்லை, வாசலில் எப்போதும் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும் அவருடைய பழைய ரப்பர் பூட்ஸையும் காணவில்லை. ஓடைப் பக்கம் ஓடினேன், பிறகு சாலைப் பக்கம் ஓடினேன். பெரட்டு நடக்கும் மைதானத்தில், அதாவது காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில், பங்களாதேஷ்காரப் பையன்களும் மீதமிருக்கிற எங்கள் ஆட்கள் சிலரும் வரிசையாக நின்றார்கள். வரிசையின் கடைசியில், தலையில் துண்டைக் கட்டி, வேலைச் சட்டை போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் அம்மா நின்றார்.

கிராணி அவர் முன்னால் தவித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சொன்னா கேளுங்க. இந்தக் காலோட எந்த மலைக்குப் போவீங்க? தொரைக்குத் தெரிஞ்சா என்னையதான் கேப்பாரு."

"மலைக்குப் போறேன்னு நான் சொன்னேனாங்கய்யா? நாத்து மேடையில உக்காந்து பையில மண்ணு ரொப்புறாங்கல்ல. அதுக்குக் காலு எதுக்கு? கை நல்லாத்தானே இருக்கு. பேரப் போடுங்க, வீடு என் பேருல நிக்கட்டும்."

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "ம்மா, வா, வீட்டுக்குப் போலாம். எல்லாரும் பாக்குறாங்க. அதான் நான் இருக்கேன்ல?"

அம்மா கையை உதறினார். வாக்கர் ஆடியது. ஆனால் குரல் ஆடவில்லை.

"நீ இருக்க. அதான் வந்தேன். நேத்து என்னா சொன்ன போன்ல? அம்மா இருக்கிற வரைக்கும்னு சொன்னல்ல? தெனம் காலையில முழிக்கிறப்ப எனக்கு என்னா தோணுது தெரியுமா? ஐயோ, இன்னைக்கும் முழிச்சிட்டமே, இந்தப் புள்ளைக்கு இன்னொரு நாளு போச்சேன்னு தோணுது. நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. கோப்பையக் கழுவுற, என் காலத் தேய்க்கிற, மொகத்தத் திருப்பிக்கிற. என்னால அந்த வீட்டுக்குள்ள மூச்சு விட முடியல புள்ள. என்னைய விட்டுட்டுப் போ."

தமிழ் தெரியாத பையன்கள்கூடத் தரையைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அடைபட்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நான் பார்க்கவே இல்லை.

கிராணி என்னைப் பார்த்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். "நர்சரி, லைட் வேலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வழக்கம்போலப் பேர்களைக் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொருவராகக் கூடையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு பிரிந்து போனார்கள். கடைசியாக அம்மாவின் பேர் வந்தது. "இருக்கேன்யா" என்று உரக்கச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், வாக்கரை ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து நாற்று மேடைப் பக்கம் நடந்தார். பையன் ஒருவன் முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனான்.

மைதானம் காலியானது. என் பேரை யாரும் கூப்பிடவில்லை.